யார் முதலில் கேட்பது?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பகல் ஷிப்ட் முடித்து, முகத்தைக் கழுவிய கையோடு நேரே மண்டபத்துக்கு வந்திருக்கும் தோழர்களே! அடுப்பு வேலையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தோளில் மருந்துப் பையும் கையில் பதிவேடுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரத் தன்னார்வலர் சகோதரிகளே!

இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மேடையில் அதிகம் பேசப்படாத பொருள். நீண்ட நாள் நோயோடு வாழ்கிறவர்களின் தாம்பத்தியம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், காசநோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று ஒன்று வீட்டுக்குள் நுழைந்த பிறகு, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இருந்த நெருக்கம் என்ன ஆகிறது? அது குலைந்தால் மருத்துவம் என்ன செய்ய முடியும்? இதுதான் இன்றைய பேச்சு.

நோய் வந்தால் நாம் எதையெல்லாம் பேசுகிறோம்! எத்தனை இட்லி சாப்பிடலாம் என்று பேசுகிறோம். டீயில் சர்க்கரை போடலாமா என்று பேசுகிறோம். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்த மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் என்று பேசுகிறோம். ஆனால் நேற்றுவரை ஒரே பாயில் படுத்தவர்கள் ஏன் இன்று ஆளுக்கொரு மூலையில் படுக்கிறார்கள் என்று யார் பேசுகிறார்கள்? டாக்டர் கேட்பதில்லை, அவருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். நோயாளி சொல்வதில்லை, அவருக்கு வெட்கம். மனைவி கேட்பதில்லை, கேட்டால் தன்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று பயம். அப்படியானால் யார்தான் முதலில் கேட்பது?

ஒரு குடும்பத்தை மனதில் வரைந்து பாருங்கள். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. வயது நாற்பத்து நான்கு. சர்க்கரை வந்து ஐந்து வருடம். ஒற்றை அறையும் சின்ன சமையலறையுமாக வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் மனைவி பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

“என்னங்க, எம்மேல ஏதாச்சும் கோவமா?”

“ஒண்ணுமில்ல. அசதி. விடு.”

ஒண்ணுமில்ல! இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடத் துயரம் புதைந்து கிடக்கிறது! அவர் மனதில் ஓடுவது, நம்ம ஆண்மை போய்விட்டது, இதை எப்படி இவளிடம் சொல்வது என்பது. அவள் மனதில் ஓடுவது, இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, வேறு எங்கேயோ மனசு போய்விட்டது என்பது. உண்மையில் நடந்திருப்பது இரண்டும் இல்லை. நடந்திருப்பது ரத்தக் குழாயிலும் நரம்பிலும் ஏற்பட்ட ஒரு கோளாறு. ரத்தச் சர்க்கரை நீண்ட நாள் கூடியே இருந்தால் அது கண்ணைக் கெடுக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, கால் நரம்பை மரத்துப்போக வைக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியும். அதே சர்க்கரை, அதே வழியில், ஆணின் விறைப்புத் தன்மையையும் கெடுக்கிறது. கால் மரத்தால் டாக்டரிடம் சொல்கிறோம். இதைச் சொல்வதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏதோ ஒருவர் இருவருக்கு வரும் கோளாறா? இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் பத்து கோடிக்கும் மேல் என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். சர்க்கரை நோயும் விறைப்புக் கோளாறும் பற்றி உலகெங்கும் நடந்த 145 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2017-ல் கணக்குப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ள ஆண்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்!

இன்னொன்றையும் கேளுங்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய், இதயத்துக்குப் போகும் குழாயைவிட மெல்லியது. கொழுப்பு படிந்தால் மெல்லிய குழாய்தான் முதலில் திணறும். அதனால் விறைப்புக் கோளாறு சில பேருக்கு மாரடைப்பு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே அடிக்கும் எச்சரிக்கை மணி. வெட்கப்பட்டு மறைக்கிறவர் எதை மறைக்கிறார்? தன் இதயம் அனுப்பிய தந்தியை மறைக்கிறார்!

கேட்டால் என்ன கிடைக்கும்? இதற்கு ஒரு கதை உண்டு; நம் ஊரைப் போன்ற ஒரு ஊரின் கதை.

பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதி, நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் நிறைந்திருந்த மண். 1990-களின் தொடக்கத்தில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்காக ஒரு புது மருந்தை அங்கே சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு வந்தவர்கள் அந்தப் பகுதியின் உழைப்பாளிகள். மருந்து நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படுவதுபோல் தெரியவில்லை. கடைசியாக, உடம்பில் வேறு ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஒரு தொழிலாளி கையைத் தூக்கினார். இரவில் வழக்கத்தைவிட அதிகமாக விறைப்பு ஏற்படுகிறது என்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எங்களுக்கும்தான் என்றார்கள். அந்த மருந்துதான் சில்டெனாஃபில். 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. வயாகரா என்று உலகம் அறிந்தது.

ஒருவர் கேட்டார். ஒருவர் வெட்கத்தை விட்டுச் சொன்னார். கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஒரு மருந்து கிடைத்தது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் அது பாவம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தெரியுமல்லவா? நைட்ரேட் வகை மாத்திரை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று பாதாளத்துக்கு விழும், உயிரே போகலாம். மருந்துக் கடையில் காதோடு காதாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல இது. இதய நிலை தெரிந்த டாக்டர் எழுதித்தர வேண்டிய மாத்திரை.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் வீட்டில் இன்னொரு பயம் குடியிருக்கிறது. இனிமேல் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று மனைவி பயப்படுகிறார். சொந்தக்காரர்கள் வேறு, “இனிமே அதெல்லாம் எதுக்கும்மா” என்று எண்ணெய் ஊற்றுகிறார்கள். மருத்துவம் என்ன சொல்கிறது? அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம் இது: நிலைமை சீராக இருந்து, மிதமான உழைப்பில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வராதவர்களுக்குத் தாம்பத்தியம் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஒரு சராசரி கணக்கு உண்டு. இரண்டு மாடிப் படிகளைச் சற்று வேகமாக ஏறும் அளவு உழைப்புதான் அது. ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெஞ்சு வலிக்காமல் ஏறி இறங்குகிறவர், டாக்டரிடம் போய்த் தைரியமாகக் கேட்கலாம். கேட்காமல் பயந்தே பத்து வருடம் விலகிப் படுத்தவர்கள் இருக்கிறார்கள். எந்த டாக்டரும் அவர்களை விலகச் சொல்லவில்லை. சேரலாம் என்றும் எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகைகள் ஆசையையும் விறைப்பையும் குறைக்கக்கூடும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்ட சிலர் செய்கிற காரியம் என்ன? சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு ஆம்புலன்சில் போகிறார்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்று மருந்து உண்டு, அளவைக் குறைக்க வழி உண்டு. ஆனால் சொன்னால்தானே தெரியும்?

இதுவரை ஆண்களைப் பற்றியே பேச்சு ஓடியது. பெண்களை யார் கேட்டார்கள்? சர்க்கரை உள்ள பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் வறட்சி வருகிறது, அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. அரிப்பும் எரிச்சலும் வலியும் இருக்கும்போது ஆசை எங்கிருந்து வரும்? மூட்டுவாதம் உள்ள பெண்ணுக்கு விடிகாலையில் விரல்கூட மடங்காது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்குப் பிறப்புறுப்பு சுருங்கி இறுகும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு உடம்பில் சத்தே இருக்காது. இவர்கள் எல்லாம் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள், அல்லது கடமைக்கு உடன்படுகிறார்கள்.

பொறுத்துக்கொள்ள அவசியமில்லை. பூஞ்சைத் தொற்றுக்கு எளிய மருந்து உண்டு. சர்க்கரை கட்டுப்பட்டால் அது திரும்பத் திரும்ப வருவது குறையும். வறட்சிக்கு வழவழப்புத் தரும் களிம்பு உண்டு. மூட்டுவலிக்காரர் வெந்நீரில் குளித்துவிட்டு, வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டாலே பாதி சிரமம் தீரும். கதிர்வீச்சுக்குப் பிறகு இறுகாமல் தடுக்கப் பயிற்சிக் கருவி உண்டு. இவ்வளவும் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும், கேட்க ஒரு வாயும்தான் குறைகிறது.

அன்பர்களே, இனி நம் மண்ணுக்கு வருவோம். நோயையும் நெருக்கத்தையும் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம்முடையது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு காலத்தில் காசநோய் வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? கணவனை மனைவியிடமிருந்து பிரிப்பார்கள். தாம்பரம் சானடோரியம் 1928-ல் தொடங்கியது. இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையத்துக்குப் பெயரே சானடோரியம்தான். மாதக்கணக்கில் அங்கே படுக்கை. மனைவி ஊரில், கணவன் அங்கே. தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தப் பிரிவு தேவைதானா? ஏறக்குறைய இருநூறு ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மருந்து. மற்ற பிரிவுக்கு அதே மருந்து, ஆனால் வீட்டிலேயே, நெருக்கடியான குடிசையிலேயே, மனைவி மக்களோடு. முடிவு 1959-ல் வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குடும்பத்தாரை ஐந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை நடந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. உலகமெங்கும் காசநோய் மருத்துவமனைகள் மெல்ல மெல்லக் காலியானதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

காசநோய் ஆய்வாளர்கள் பிறகு வந்த ஊர் எது? நம் திருவள்ளூர்! 1968-ல் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தபோது பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரிய சோதனை இந்த வட்டாரக் கிராமங்களில்தான் நடந்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அதில் பங்கெடுத்தார்கள். 1999 முதல் நேரடிக் கண்காணிப்பில் காசநோய் மருந்து கொடுக்கும் திட்டத்தையும் இங்கேதான் ஆராய்ந்தார்கள். இன்று இந்த அவையில் இருக்கும் பலரின் தாத்தா பாட்டி கையில் அந்த ஊசித் தழும்பு இருந்திருக்கும்.

ஆனாலும் காசநோய் வீடுகளில் இன்றைக்கும் ஒரு விஷயம் சொல்லப்படாமல் போகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மாத்திரையை நம்பி இருக்கும் தம்பதி, சிகிச்சைக் காலத்தில் வேறு முறைக்கு மாற வேண்டும். இதை யார் சொல்வது? தாம்பத்தியத்தைப் பற்றியே பேசாத இடத்தில் இதை எப்படிச் சொல்வார்கள்?

அடுத்து, ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் சுனிதி சாலமன்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். 1986-ல் அவரும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தவர்கள். வந்தால் மரணம் என்று உலகம் நடுங்கிய காலம். நோயாளியைத் தொட மருத்துவமனை ஊழியர்களே பயந்த காலம். சுனிதி 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். மருந்துகள் வந்தன. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சாகப் போகிறோம் என்று வந்தவர்கள் சாகவில்லை. வேலைக்குப் போனார்கள், சம்பாதித்தார்கள். அப்போது அவர்கள் டாக்டரிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தார்கள். எங்களுக்குக் கல்யாணம் என்று ஒன்று உண்டா?

என்ன பதில் சொல்லியிருப்பார்கள் மற்றவர்கள்? உயிர் பிழைத்ததே பெரிது, இது வேறா என்று கேட்டிருப்பார்கள். சுனிதி அப்படிக் கேட்கவில்லை. அவரே தரகராக மாறினார்! தொற்று உள்ள ஆணுக்குத் தொற்று உள்ள பெண்ணைப் பார்த்தார். நம் ஊரில் கல்யாணப் பேச்சில் பார்க்கும் அத்தனையும் பார்த்தார்: மதம், சாதி, வருமானம், குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அதோடு ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு என்பதையும் பொருத்திப் பார்த்தார். ஜாதகக் கட்டங்களைப் பார்க்கும் ஊரில் இப்படியும் ஒரு பொருத்தம் பார்த்த டாக்டர் அவர். அந்த முயற்சியைப் பற்றி ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படம் வந்திருக்கிறது. 2015 ஜூலையில் அவர் மறைந்தார். 2017-ல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் ஒரு பெரிய ஆய்விலும் பங்கெடுத்தது. ஒருவருக்குத் தொற்று உண்டு, துணைக்கு இல்லை. அப்படிப்பட்ட 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. தொற்று உள்ளவர் முன்கூட்டியே மருந்தைத் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது! நெருக்கத்துக்குத் தடை என்று நினைத்த நோயில், மருந்தே நெருக்கத்துக்குக் காவலாக நின்றது.

இதில் இன்னொரு பெண்ணின் குரலும் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கௌசல்யா பெரியசாமி. கல்யாணம் ஆன பிறகுதான் தனக்குக் கணவரிடமிருந்து தொற்று வந்திருப்பதைத் தெரிந்துகொண்டவர். மூலையில் முடங்காமல் 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பை முன்னின்று தொடங்கினார். அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது நேரடியானது. படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறவருக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சரி, சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்? பலருக்கு இதில்தான் பயம். எதையாவது கழற்றச் சொல்வார்களோ, கேலி செய்வார்களோ என்று பயம். அப்படி எதுவும் இல்லை. ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் 1976-ல் நான்கு படிகளாக இதைச் சொல்லி வைத்தார். முதல் படி, பேச அனுமதி. “இதையும் இங்கே பேசலாம்” என்று டாக்டரோ நர்ஸோ சொல்வது. இரண்டாவது, கொஞ்சம் தகவல். உங்கள் நோய் இப்படிச் செய்யும், உங்கள் மாத்திரை இப்படிச் செய்யும் என்று விளக்குவது. மூன்றாவது, உங்களுக்கென்று குறிப்பான யோசனை. நான்காவது படிதான் தனிப்பட்ட தீவிர சிகிச்சை. முதல் மூன்று படிகளிலேயே பெரும்பாலோர் பிரச்சினை அடங்கிவிடும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. நம் ஊரில் முதல் படியே ஏறப்படாமல் கிடக்கிறது!

நான்காவது படியில் ஒரு பயிற்சி புகழ்பெற்றது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் வகுத்து, 1970-ல் தங்கள் புத்தகத்தில் விளக்கிய தொடுதல் பயிற்சி. அதன் முதல் விதியே வியப்பாக இருக்கும். சில வாரங்களுக்கு உடலுறவு கூடாது! ஏன்? முடியுமா முடியாதா என்ற பரீட்சைப் பயத்தை முதலில் வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். அதற்குப் பதில், ஒருவர் மாற்றி ஒருவர் தொடுவது. கை, முதுகு, தலைமுடி, பாதம். எது இதமாக இருக்கிறது, எது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வது. பயம் போன பிறகுதான் அடுத்த கட்டம்.

முதலில் பார்த்தோமே, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு இதைக் கொண்டு போவோம். சர்க்கரை உள்ளவர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாதுகாப்பு பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் வெந்த பாதம். தன் பாதத்தின் அடிப்பக்கம் அவருக்கே சரியாகத் தெரியாது. மனைவி அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். கீறல் உண்டா, கொப்புளம் உண்டா? விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் துணியால் துடைக்கிறார். வெடித்த குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். “இங்க தொட்டா தெரியுதா?” என்று கேட்கிறார். “தெரியல.” “இங்க?” “தெரியுது.” பத்து நிமிடம். அவ்வளவு நாளாக ஒண்ணுமில்ல என்ற சொல் இருந்த இடத்தில், தெரியுது என்று ஒரு சொல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, “டாக்டர்கிட்ட இத மட்டும் சொல்லல” என்று அவர் தொடங்கினால் அது ஆச்சரியமில்லை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை என்பது கணவனுக்கு மனைவி மீது உரிமைச் சீட்டு எழுதிக்கொடுப்பது அல்ல. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோய் உள்ளவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. உடலுறவு இல்லாமலேயே நெருக்கமாக வாழ்வோம் என்று இருவரும் மனமொத்து முடிவு செய்தால் அதுவும் ஆரோக்கியமான தாம்பத்தியமே. பேசாமல் விலகிப் போவதுதான் நோய்.

நம் வட்டாரத்துக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் தூக்கத்தைத் தின்கிறது; தூக்கம் கெட்டால் சர்க்கரையும் ஏறும், ஆசையும் குறையும். உலை வெக்கையில் நாள் முழுக்க நிற்பதும், ஈயத்தூளோடு வேலை செய்வதும் ஆணின் விந்தணுவைப் பாதிக்கும். ஈய நச்சு, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் குழந்தை இல்லையென்றால் வீட்டில் யாரைப் பார்க்கிறார்கள்? மருமகளைப் பார்க்கிறார்கள். ஆலைக்குப் போகிறவரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று யார் கேட்கிறார்கள்? பீகாரிலும் ஒடிசாவிலும் மனைவியை விட்டுவிட்டு இங்கே ஷெட்டில் தங்கியிருக்கும் தோழர்களிடம் யார் கேட்கிறார்கள்?

கேட்க ஆள் இல்லாத இடத்தில் யார் நுழைகிறார்கள்? பேருந்து நிலையச் சுவரைப் பாருங்கள். மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், ஆண்மைக்குறைவா, வாருங்கள் என்று ஒட்டியிருக்கிறார்கள். இரவுத் தொலைக்காட்சியில் வந்து மிரட்டுகிறார்கள். இளம் வயதுச் சுய இன்பத்தால்தான் எல்லாம் போயிற்று என்று பொய் சொல்லிக் கிலி ஏற்படுத்தி, ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கிறார்கள். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய மாத்திரைகளில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. நாக்கடி மாத்திரை வைப்பவர் அதை விழுங்கினால் என்ன ஆகும்? இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது.

நம்மால் நாகரிகமாகப் பேச முடியாதா? முடியும் என்று காட்டியவர் இருக்கிறார். மனநல மருத்துவர் மாத்ருபூதம், விஜய் டிவியில் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில், சிரித்த முகத்தோடு நேயர்களின் பாலியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கேட்டவர்கள் வெட்கப்பட்டார்கள், அவர் வெட்கப்படவில்லை. தமிழில், குடும்பங்கள் பார்க்கும் தொலைக்காட்சியில், இதைப் பேச முடிந்தது. மருத்துவமனை அறைக்குள் பேச முடியாதா?

வழிகள் திறந்தே இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இன்று உங்கள் வாசலுக்கே வருகிறது. தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024 முதல் ஆலைக்குள்ளேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. நம் ரயில் போய் நிற்கும் சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. சிறுநீரியல் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கே உண்டு. உங்கள் பையில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. நேரில் பேச வெட்கமா? 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மனம் தளர்ந்திருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். முகம் தெரியாது, தமிழில் பேசலாம்.

சுகாதாரத் தன்னார்வலர் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். விரல் நுனியில் குத்தி, எண்ணைப் படித்து, பதிவேட்டில் எழுதிய பிறகு, அந்த வீட்டு அக்காவிடம் தனியாக இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “அக்கா, சர்க்கரை வந்ததுக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் சங்கடம் இருக்கா? இருந்தா டாக்டர்கிட்ட சொல்லலாம், மருந்து இருக்கு.” இவ்வளவு போதும். முதல் படி ஏறியாகிவிட்டது.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதத்தைப் பார்க்கிறீர்கள், கண்ணைப் பரிசோதிக்க அனுப்புகிறீர்கள். அந்தப் பட்டியலில் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் துணையையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். இருவருமாகப் போங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: “டாக்டர், நோய் வந்த பிறகு வீட்டில் நாங்கள் முன்போல இல்லை. அதையும் கொஞ்சம் பாருங்கள்.” நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும், நெஞ்சுவலி மாத்திரை உட்பட, மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.